இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைப் படகு

ஜுலைகாவுக்கு வேலை கிடைத்த அன்றைக்குத்தான் என் புருஷன் என்னிடம் மாட்டினார். அவர் வாயே அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆறு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஒரு ஊருக்கு எந்த வண்டியில் போவது என்கிற பேச்சில் மொத்தமாகக் கொட்டிவிட்டார்.

அப்போது நாங்கள் ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். எதிர் வீட்டு நூர் முகமது பூந்தமல்லிக்காரர், மெஷின் ஷாப்பில் வேலை. அவர் வீட்டுக்காரி ரோஷன் பேகமும் நானும் பத்து வருஷமாக ஒரே குழாயடி. அவர்களுடைய பெண்தான் ஜுலைகா. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு, தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் மாதம் ஆர்டர் வந்தது. பழவேற்காடு ஏரிக்கு நடுவே காரைத்திட்டு என்று ஒரு தீவு. அங்கே இருக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பத்து நாளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

என் ஒரே மகள் கஸ்தூரி வாழப் போன ஊர் அது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வழக்கம்போல பிளாக்கில் இருந்த எல்லோரும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். ஊருக்கு எப்படிப் போவது என்று பேச்சு வந்தது. கீழ் வீட்டு உத்தமன்தான் முதலில் ஆரம்பித்தான். தெரியாத விஷயத்தில் அவனுக்குத்தான் பேச்சு அதிகம்.

"செங்குன்றம் போய்டு பாய். அங்கேர்ந்து பொன்னேரிக்கு பஸ்ஸு, பொன்னேரிலேர்ந்து பழவேற்காடு. அங்க போய்ட்டேன்னா தீவுக்கு லாஞ்சு ஓடும்."

"பாரிஸ் கார்னர்லேர்ந்து டைரக்டா பஸ்ஸு கீதுன்னு சொன்னாங்களே?" என்றார் நூர் முகமது.

"அதுகூடப் போலாம். இல்லாட்டி ஆரம்பாக்கம் போயி, அந்தாண்ட பக்கமா சுத்திக்கினு போனா இன்னும் கிட்டக்க."

என் புருஷன் ஜானகிராமன் மேல்படியில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. அளவில் ஒரு நூல் பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். நான் ஆறரை மணி என்றால், ஆறு இருபத்தெட்டு என்று திருத்துவார். தப்பான தகவல் காதில் விழுந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அன்றைக்கும் அரித்தது.

"லாஞ்சாவது மண்ணாவது. உனுக்கு எவன் சொன்னான் உத்தமா? பாய், நான் சொல்றதக் கேளு. பாரிஸ் பஸ்ஸு ஊரெல்லாம் சுத்திக்கினு போவும். ஆவடில அஞ்சே முக்கால் வண்டியப் புடி. பேசின் பிரிட்ஜ்ல எறங்கி கும்மிடிப்பூண்டி வண்டில ஏறு. பொன்னேரில ஸ்டேஷன் வாசல்ல பஸ்ஸுக்கு நிக்காதே, கால் வைக்க எடம் இருக்காது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துடு. பழவேற்காட்டுல மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி படகு. பெரிய படகுல ஏறாதே. இந்த மாசத்துல ஏரில தண்ணி கம்மி, பாதி வழில தரை தட்டும், ஆம்பளைங்க எறங்கித் தள்ளணும். மாணிக்கத்தோட சின்னப் படகு ஒம்போதரைக்கு. அத உட்டா ரெண்டு மணிக்குத்தான். முன்னாடி ஒக்காராதே, தண்ணி அடிக்கும். எறங்கறப்போ வலது பக்கமா எறங்கு. இடது பக்கம் பூரா சிப்பி ஓடு, உள்ளங்காலக் கிழிச்சிடும்."

எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கதை அந்தப் படியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நீ போய்க்கீறியா அண்ணாத்தே?" என்று நூர் முகமது மெதுவாகக் கேட்டார்.

"சே! நான் எங்க போனேன்? எங்க செக்ஷன்ல அந்தப் பக்கத்து ஆளு ஒர்த்தன் கீறான். அவன் சொல்லிக்கினு இருப்பான்." விசிறி வேகமாக ஆடியது.

எனக்கு அந்த உள்ளங்கால்தான் மனசில் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இடது உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தவர் அவர். பத்து நாள் மஞ்சள் அரைத்துக் கட்டியவள் நான்.

கஸ்தூரி போனது எண்பத்தைந்தில். ஆவடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தாள். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்த வேலுசாமியோடு பழக்கமாகி, ரெஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டாள். பையன் காரைத்திட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. என் புருஷனோ எங்கள் ஜாதிச் சங்கத்துக்குச் செயலாளர். குமணன்சாவடி மேடையில் ஏறி, பெண்பிள்ளைகளைக் கட்டுப்பாடாக வளர்ப்பது எப்படி என்று மைக்கில் பேசியவர். விஷயம் தெரிந்ததும் குழாயடிக்குப் போனார். எல்லோரும் பார்க்க நாலு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனுக்குப் பொண்ணே கெடையாது" என்றார்.

என்னிடம் சொன்னது வேறு. "நீ அவளப் பாக்கப் போனா என் பொணத்தத் தாண்டிப் போ. அப்டியே போறேன்னாலும் அந்த ஊருக்கு வழியே கெடையாதுமே. வாரத்துக்கு ஒரு படகு. காத்தடிச்சா அதுவும் கவுந்துடும். போன மாசம்கூட நாலு பேர பொணமாத்தான் எடுத்தாங்களாம்."

நம்பினேன். ஆவடி மார்க்கெட்டையும் திருநின்றவூரில் இருக்கிற தங்கச்சி வீட்டையும் விட்டால் எனக்கு வேறு வழி தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். அவர் பிணத்தைத் தாண்டவும் பயம். படகு கவிழும் ஊரில் என் பெண் எப்படிப் பிழைக்கிறாளோ என்று காற்று பலமாக அடிக்கும் நாளெல்லாம் அழுவேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அவருக்கு 'டிரையல்'. தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று குடியிருப்புப் பெண்கள் கேட்க மாட்டோம். கேட்கக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே பழக்கிவிடுவார்கள். "நாட்டு ரகசியம்மே. வெளில சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குட்துகீறேன்" என்பார். என்ன வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள், ஏன் ஞாயிற்றுக்கிழமை, அந்த டூட்டிக்குப் பதில் லீவு எங்கே போனது, எதையும் நான் கேட்டதில்லை. நாலு மணிக்கு எழுந்து அடுக்குப் பாத்திரம் நிறையப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுப்பேன். "கொஞ்சம் சேத்தே கட்டு, கூட நாலு பேரு கீறாங்க" என்பார். காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோதும் எப்படி என்று சொல்லவில்லை. நாட்டுக்காகப் பட்ட காயம் என்று நினைத்துக் கட்டுப் போட்டேன் நான். என்னைப் போல ஒரு மடச்சி ஆவடியிலேயே கிடையாது.

அன்றைக்கு அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்வார், அதையும் நம்பித் தொலைப்பேன் என்று என்மேலேயே எனக்குப் பயம். மறுநாள் குழாயடியில் ரோஷன் பேகத்திடம்தான் சொன்னேன்.

"அக்கா, நீயும் வா. நான் அவள உட்டுட்டு அன்னிக்கே திரும்பணும். நீ அவ கூட நாலு நாளு இரு. அண்ணாத்தேக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றாள். நூர் முகமதுவின் வாயை அவள் எப்படிக் கட்டினாளோ, கட்டிவிட்டாள். ஜுலைகா அடுத்த வாரம்தான் போகிறாள் என்று என் புருஷனிடம் சொல்லவும் வைத்தாள்.

என் புருஷனிடம் தங்கச்சி வீட்டுக்குப் போய் திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். "போய்ட்டு வா. எனுக்கும் ஞாயித்துக்கெழம டிரையல் கீது" என்றார். கண்கூட இமைக்கவில்லை.

வியாழக்கிழமை கிளம்பினோம். ஆவடியில் ஐந்தே முக்கால் வண்டி இருந்தது. பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் வந்து நின்ற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம், உட்கார இடம் கிடைத்தது. ஜுலைகா ஒவ்வொன்றுக்கும், "பெரியப்பா சொன்னா மாரியே கீது" என்று வியந்துகொண்டே வந்தாள். எனக்கு ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்தது. வழியில் ஏதாவது ஒன்று தப்பாக இருந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். எதுவும் தப்பாக இல்லை. இன்ஸ்பெக்ஷன் ஆள் அல்லவா.

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒன்பதரைக்குச் சின்னப் படகு நின்றது. படகுக்காரர் மாணிக்கம் வயசானவர். எங்கள் மூட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். ஆவடி என்றாள் ரோஷன் பேகம்.

"ஆவடியா? எங்க நைனா ஒர்த்தரு கீறாரே, ஜானகிராமன்னு. நம்ப வேலுசாமிக்கு மாமனாரு. மாசா மாசம் ரெண்டாவது ஞாயிறு தவறவே மாட்டாரு. தங்கமான மன்ஷன். பாவம், ஊட்டம்மாதான் சரியில்ல போலக்கீது."

ரோஷன் பேகம் என் கையை அழுத்திப் பிடித்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். கழி ஊன்றிப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. இந்தத் தண்ணீரில் கவிழ்ந்து சாகிறார்கள் என்றுதான் ஆறு வருஷம் அழுதேன். பத்தரை மணிக்குத் தீவு வந்துவிட்டது. ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. வலது பக்கமாக இறங்கினேன்.

ஜுலைகாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கஸ்தூரி வாசலில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உடம்பு பூசினாற்போல ஆகியிருந்தாள், முகம் கறுத்திருந்தது. ஐந்து வயசுப் பெண் ஒன்று அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது. ஓடிவருவாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னாத்துக்கு வந்தே?"

"கஸ்தூரி..."

"ஆறு வருஷம் கழிச்சி இப்போ இன்னா? செத்தவளப் பாக்கவா வந்தே?"

"நீ செத்துட்டேன்னு நான் எப்டி சொல்லுவேன்? யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அப்பாதான் சொன்னாரு. வேற யாரு வந்தாங்க இங்க? கல்யாணம் ஆகி நாலாம் மாசமே அவரு வந்துட்டாரு. உனுக்குப் பயந்து பயந்து வந்தாரு. நான் இங்க வரது தெரிஞ்சா உங்கம்மா நாண்டுக்கினு செத்துடுவா, யாருக்கும் சொல்லிடாதேன்னு அழுதாரு. மூணு லெட்டரு எழுதி அவரு கைல குடுத்தேன் உனுக்கு. படிக்காமயே அடுப்புல போட்டியாமே? பொன்னி பொறந்தப்போ வந்து பாக்கச் சொல்லி எழுதினேன். அந்தக் கொளந்த மூஞ்சில முழிக்க மாட்டேன்னியாமே?"

அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளைத் தலை முழுகியவர் அவர். பிணத்தைத் தாண்டிப் போ என்றவர் அவர். அவர் சொன்னதையெல்லாம் என் வாயில் போட்டு, என்னைக் கல்நெஞ்சுக்காரியாக ஆக்கி, தான் மட்டும் நல்ல அப்பனாக இந்த வாசலில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். சங்கத்துக்கு முன்னால் மானமும் வேண்டும், மகளும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விற்றுத் தீர்க்க நான் ஒருத்தி இருந்தேன்.

"உங்கப்பா ஒரு லெட்டரும் எங்கிட்ட குடுக்கல. இங்க வராருன்னே எனுக்குத் தெரியாது. டிரையல்னு சொல்லிட்டுத்தான் போவாரு. இந்த ஊருக்கு வழியே இல்லன்னாருடீ."

"அப்பா பொய் சொல்ல மாட்டாரு." அவள் யோசிக்கவே இல்லை. "ஒரு நூலு தப்பா பேச மாட்டாரு, உனுக்குத் தெரியாதா? மாசா மாசம் கேண்டீன்ல சோறு வாங்கிக்கினு வந்து எனுக்கு ஊட்டி உட்டவரு அவரு."

"இன்னா சோறு? புளிச்சோறும் உருளைக்கெழங்கு வறுவலுமா?"

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் என் பெண் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் தலையைக் குனிந்து மீனைக் கையில் எடுத்தாள்.

"அத அவரே சொல்லியிருப்பாரு உங்கிட்ட. மூணு மணிக்குப் படகு திரும்பும். அத உட்டா நாளைக்குத்தான். கெளம்பு."

நான் கிளம்பவில்லை. ஜுலைகாவுக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அங்கே போய்ப் படுத்துவிட்டேன். சாயங்காலம் வேலுசாமி வந்தான். அதிகம் பேசாத பையன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அத்தே, எனுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. ஞாயித்துக்கெழம மாமா வருவாரு. நேருக்கு நேரா கேட்டுடலாம். அதுவரைக்கும் அவகிட்ட ஒண்ணும் பேசாதீங்க" என்றான்.

மூன்று நாள் இருந்தேன். பொன்னி ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை அவள் கிட்டே வந்து, "நீ புது டீச்சருக்கு அம்மாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அந்த மூன்று நாளும் கஸ்தூரி அந்தப் பக்கமே வரவில்லை. அவர் வந்து இறங்கி, வழக்கம்போல உட்கார்ந்து கணக்காக, தெளிவாக இன்னொரு பொய் சொன்னால் அவள் அவரைத்தான் நம்புவாள் என்று எனக்குத் தெரியும். அவர் பேசினால் யாரும் நம்புவார்கள். நானே நம்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே கரைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் வேலுசாமி வந்தான். பின்னாலேயே கஸ்தூரி, பொன்னியைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்பாவை அழைத்துப் போக வழக்கமாக வருகிறவள், அன்றைக்கும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

படகு வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் அடிக்காத இடத்தில். வெள்ளைச் சட்டை, மடியில் பை. பொன்னி, "தாத்தா!" என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு என்னைப் பார்த்தார்.

படகிலிருந்து ஒவ்வொருவராக வலது பக்கமாக இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. கை மட்டும் மெதுவாக மடிக்கு வந்தது.

"எறங்கு நைனா" என்றார் மாணிக்கம்.

அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கஸ்தூரி தண்ணீரில் இறங்கினாள். புடவை நனைவதைக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, இவங்க வந்து இன்னான்னாவோ சொல்றாங்கப்பா. லெட்டரே வரலன்றாங்க. நீ வந்து சொல்லுப்பா. பொய் சொல்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடு, நான் இப்பவே அனுப்பிச்சுடறேன்."

ஏச வேண்டும் என்று நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் பேசட்டும் என்று நின்றேன். ஒரு பொய் போதும் அவருக்கு. ஒரே ஒரு பொய் சொன்னால் ஜெயித்துவிடுவார். அதைக்கூட என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாணிக்கத்திடம் எங்களுக்கும் கேட்கிற குரலில், "தல சுத்துது. திரும்பிப் போய்டலாம்" என்றார்.

மாணிக்கம் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கழியை ஊன்றினார். படகு திரும்பியது. முப்பது வருஷம் நான் சோறு போட்ட மனுஷனின் முதுகு அது. கரையிலிருந்து ரொம்ப நேரம் தெரிந்தது. பொன்னி, "தாத்தா ஏன் போறாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலுசாமி அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

கஸ்தூரி முழங்கால் தண்ணீரிலேயே நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தொடவில்லை. தொட்டால் தட்டிவிடுவாளோ என்று இருந்தது.

"மூணு லெட்டரு எழுதினேம்மா" என்றாள், படகைப் பார்த்துக்கொண்டே.

"இன்னா எழுதினே?"

"மொதல்ல எழுதினதுல, வாய்க்கு ஒண்ணும் புடிக்கல, ஒரே வாந்தி, நீ வந்து ஒரு வாரம் கூட இருன்னு எழுதினேன். ரெண்டாவதுல பொன்னி பொறந்துட்டா, உன் மூக்குன்னு எழுதினேன்." நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "மூணாவதுல ஒண்ணுமே எழுதல. இனிமே நீ வரவே வேணாம்னு மட்டும் எழுதினேன்."

"லெட்டரக் குடுக்காமயே அந்த ஒண்ணத்த மட்டும் உங்கப்பா ஒழுங்கா நடத்திட்டாரு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.